நீதிமன்றப் படி ஏறாத வழக்கு: ஓனா ஜட்ஜும் ஜார்ஜ் வாஷிங்டனும்

1796ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், சனிக்கிழமை. அன்றைக்கு அமெரிக்காவின் தலைநகராக இருந்த பிலடெல்பியாவில், ஆறாம் தெருவுக்கு அருகே ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த அதிபர் மாளிகையில், ஜார்ஜ் வாஷிங்டனும் அவருடைய மனைவி மார்த்தாவும் உணவருந்திக்கொண்டிருந்தனர். கோடைக்கு வர்ஜீனியாவுக்குத் திரும்புவதற்காக வீடெங்கும் மூட்டை முடிச்சுகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த வேளையில் மார்த்தாவின் அந்தரங்கப் பணிப்பெண்ணாக இருந்த ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் வீட்டை விட்டு வெளியேறினார். அவருக்கு அப்போது ஏறத்தாழ 22 வயது. ஓரிரு நாள்களில் மாளிகையின் மேற்பார்வையாளர் பிரெடெரிக் கிட்டின் பெயரில் பிலடெல்பியா நாளிதழ்களில் ஒரு விளம்பரம் வந்தது. அமெரிக்க அதிபரின் வீட்டிலிருந்து ஓனி ஜட்ஜ் என்ற பெண் ஓடிவிட்டாள் என்றும், முகத்தில் புள்ளிகளும் கருவிழிகளும் அடர்ந்த கருமுடியும் மெல்லிய உடலும் உடையவள் என்றும், பிடித்துத் தருவோருக்கு 10 டாலர் வழங்கப்படும் என்றும் அதில் இருந்தது. அவள் போய்விடுவாள் என்ற சந்தேகம் யாருக்கும் இருந்ததில்லை என்றும், போவதற்கு அவளுக்கு எந்தத் தூண்டுதலும் இருக்கவில்லை என்றும் விளம்பரம் சொன்னது.

தூண்டுதல் எதுவும் இல்லை என்ற அந்தச் சொற்களிலிருந்துதான் இந்த நிகழ்வை ஆராயத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவைத் தோற்றுவித்த தலைமுறையும் அடிமைமுறையும் என்ற பெரிய பொருளைப் பேசும்போது, சுதந்திரப் பிரகடனத்தின் வாசகங்களையும் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளையும் வைத்தே பெரும்பாலும் பேசி முடித்துவிடுகிறோம். ஓனா ஜட்ஜின் நிகழ்வில் அந்தத் தலைமுறையின் முதன்மை மனிதர் தம் கைப்படக் கடிதம் எழுதுகிறார், அரசு அதிகாரிகளைப் பயன்படுத்துகிறார், உறவினரை அனுப்புகிறார். எதிர்ப்பக்கத்தில், சட்டத்தின் பார்வையில் உடைமையாகவே இருந்த ஒரு பெண் தம் காரணங்களைத் தாமே சொல்கிறார். இரு தரப்புச் சொற்களும் பதிவாகிக் கிடைப்பது அந்தக் காலத்தில் மிக அரிது.

ஓனா 1773 அல்லது 1774 வாக்கில் வர்ஜீனியாவில் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் பிறந்தார். தாய் பெட்டி அங்கே தையல் வேலை செய்த அடிமைப் பெண். தந்தை ஆண்ட்ரூ ஜட்ஜ், இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வந்த வெள்ளையரான தையல்காரர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தந்தையால் போக முடிந்தது, மகளால் முடியவில்லை. பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையையே பின்பற்றும் என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆகவே தந்தை யாராக இருந்தாலும் அடிமைத்தாயின் பிள்ளை அடிமையே.

இதில் இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. வழக்கின் மையமே அது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓனா சட்டப்படி ஜார்ஜ் வாஷிங்டனின் உடைமை அல்லர். மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைப் பங்காக மார்த்தாவுக்கு வந்தது. வாழ்நாள் முழுவதும் அதை அனுபவிக்கலாம், விற்கவோ விடுவிக்கவோ முடியாது. அவருக்குப் பின் அது கஸ்டிஸ் குடும்பத்தின் வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். பெட்டி அந்தப் பங்கில் வந்தவர் என்பதால் ஓனாவும் அதில் அடக்கம், ஓனாவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அடக்கம். 1799இல் வாஷிங்டன் எடுத்த கணக்கின்படி மவுண்ட் வெர்னானில் இருந்த 317 அடிமைகளில் 153 பேர் இந்த விதவைப் பங்கைச் சேர்ந்தவர்கள். வாஷிங்டன் விரும்பியிருந்தாலும் ஓனாவை விடுவித்திருக்க முடியாது என்று அவருக்காக வாதிடுவோர் சொல்வது இதை வைத்துத்தான். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எதுவரை செல்லும் என்பதைக் கடிதங்களைக் கொண்டே பார்க்க முடியும்.

ஏறத்தாழ பத்து வயதில் ஓனா பெரிய வீட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்டார். தாயைப் போலவே ஊசி வேலையில் தேர்ந்தார். மார்த்தாவுக்குத் தலைவாரி, உடை உடுத்தி, ஆடைகளைத் தைத்துப் பேணி, விருந்துகளுக்கு உடன் செல்லும் பெண்ணாக வளர்ந்தார். 1789இல் வாஷிங்டன் முதல் அதிபராகி நியூயார்க் சென்றபோது அழைத்துச் செல்லப்பட்ட ஏழு அடிமைகளுள் அவரும் ஒருவர், அவருடைய தாய்வழி அண்ணன் ஆஸ்டினும் ஒருவர். மறு ஆண்டு தலைநகரம் பிலடெல்பியாவுக்கு மாறியது.

அங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. பென்சில்வேனியா 1780இல் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது. வேறு மாநிலத்தார் தம் அடிமைகளை அங்கே கொண்டுவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த அடிமைகள் விடுதலை கோரலாம். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு விலக்கு இருந்தது. அதிபர் என்ற பதவியே அப்போது இல்லாததால் அதிபருக்கு விலக்கு இல்லை. ஆறு மாதம் முடியுமுன் அடிமைகளை எல்லை தாண்டி அனுப்பி, மீண்டும் அழைத்துவந்து, நாள்கணக்கைப் புதிதாகத் தொடங்கும் தந்திரத்தையும் 1788ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்தது.

1791 ஏப்ரலில் தலைமைச் சட்ட அதிகாரி எட்மண்ட் ராண்டால்ஃபின் அடிமைகள் இச்சட்டத்தைப் பயன்படுத்தி விடுதலை கோரினர். அதே நிலை அதிபரின் வீட்டுக்கும் வரக்கூடும் என்று அவர் எச்சரித்தார். தென்மாநிலங்களில் சுற்றுப்பயணத்தில் இருந்த வாஷிங்டன், தம் செயலர் டோபியஸ் லியருக்கு ஏப்ரல் 12 அன்று எழுதிய பதில் இந்த வழக்கின் முதல் சான்று. அடிமைகளை வர்ஜீனியாவுக்குத் திருப்பி அனுப்புவது நல்லதென்று தெரிந்தால், அதை அவர்களையும் பொதுமக்களையும் ஒருங்கே ஏமாற்றக்கூடிய ஒரு சாக்கின் பேரில் செய்து முடிக்க விரும்புவதாக அவர் எழுதினார். விடுதலையால் அவர்களுக்கு நன்மை உண்டாகும் என்று தாம் கருதவில்லை என்றும், ஆனாலும் விடுதலை என்ற எண்ணமே அவர்களால் தடுக்க இயலாத ஆசையாகிவிடலாம் என்றும் குறிப்பிட்டார். விதவைப் பங்கு அடிமைகள் கைநழுவினால் அவர்களுடைய உழைப்பை இழப்பதோடு அவர்களுக்கான விலையையும் தாம் கொடுக்க நேரலாம் என்ற கவலையும் அதே கடிதத்தில் உண்டு. மே மாதத்தில் மார்த்தா ஓனாவை அழைத்துக்கொண்டு ஆற்றின் அக்கரையில், நியூஜெர்சியில் உள்ள டிரெண்டனுக்கு இரண்டு நாள் சென்று வந்தார். ஆறு மாதக் கணக்கை முறிப்பதே அதன் நோக்கம்.

ஏமாற்றுவது என்ற சொல்லை வாஷிங்டனே எழுதியிருக்கிறார். அடிமைமுறையைத் தம் காலத்தின் வழக்கம் என்ற அளவில் ஏற்றுக்கொண்டு, ஆராயாமல் வாழ்ந்த மனிதர் என்று அவரைச் சொல்ல இந்தக் கடிதம் இடம் தரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதும், தாம் செய்வது பொதுமக்களுக்குத் தெரிந்தால் தவறாகப்படும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. காலத்தின் வழக்கம் என்ற வாதத்துக்கு எதிரான சான்று அவருடைய மாநிலத்திலேயே இருந்தது. உடைமையாளர்கள் தம் அடிமைகளைத் தாமே விடுவிக்கலாம் என்று வர்ஜீனியா 1782இல் சட்டம் இயற்றியது. டிரெண்டன் பயணம் நடந்த அதே 1791இல், வர்ஜீனியாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரான ராபர்ட் கார்ட்டர் 450க்கும் மேற்பட்ட அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கும் பத்திரத்தைப் பதிவு செய்தார்.

பிலடெல்பியாவில் கழிந்த ஆண்டுகள் ஓனாவுக்குக் கற்பித்தவை பல. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த நகரம் அது. ரிச்சர்ட் ஆலன் தலைமையில் பெத்தேல் தேவாலயம் 1794இல் அங்கே எழுந்தது. கூலிக்கு உழைத்து, சொந்தமாகக் குடும்பம் நடத்தி, தமக்கென வழிபாட்டிடம் அமைத்துக்கொண்ட மக்களை ஓனா நாள்தோறும் கண்டார், அவர்களுள் நண்பர்களையும் தேடிக்கொண்டார். இதற்கிடையில் ஊரில் அவரைப் பிணைத்திருந்த கயிறுகள் அறுந்துகொண்டிருந்தன. அண்ணன் ஆஸ்டின் 1794 இறுதியில், மவுண்ட் வெர்னானுக்குப் போகும் வழியில் இறந்தார். 1795 தொடக்கத்தில் தாய் பெட்டியும் இறந்தார்.

1796 மார்ச்சில் மார்த்தாவின் பேத்தி எலிசபெத் கஸ்டிஸ், தாமஸ் லா என்ற ஆங்கிலேயரை மணந்தார். (இந்த லா நம் நாட்டு வரலாற்றிலும் வருபவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பீகாரின் கயாவில் கலெக்டராக இருந்து, நிலவரியை நிலையாக நிர்ணயிக்கும் திட்டத்தை வற்புறுத்தி, செல்வத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்.) பேத்திக்கு ஓனாவைக் கொடுத்துவிடுவதென்று மார்த்தா முடிவு செய்தார். முன்கோபத்துக்குப் பெயர்பெற்ற எலிசபெத்துக்கு ஒருபோதும் அடிமையாக இருப்பதில்லை என்று ஓனா உறுதிகொண்டார். விளம்பரத்தை எழுதியவருக்குத் தெரியாதுபோன தூண்டுதல் இதுதான். ஒரு மனிதப் பிறவியைக் கல்யாணச் சீராகக் கையளிப்பதை ஒரு காரணமாக எண்ணிப்பார்க்கவே இயலாத அளவுக்கு அது அந்த வீட்டுக்கு இயல்பாகிவிட்டிருந்தது.

பின்னாளில் ஓனாவே இதைச் சொன்னார்: “அவர்கள் வர்ஜீனியாவுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, நானும் கட்டிக்கொண்டிருந்தேன், எங்கே போவதென்று தெரியாமல். வர்ஜீனியாவுக்குத் திரும்பினால் எனக்கு ஒருநாளும் விடுதலை கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.” தம் துணிமணிகளைக் கறுப்பின நண்பர்களின் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்துவிட்டு, உணவு வேளையில் அவர் நடந்து வெளியேறினார். ஜான் போல்ஸ் என்பவர் தலைவராக இருந்த நான்சி என்ற கப்பல் அவரை நியூஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் சேர்த்தது. அந்தக் கப்பல் தலைவர் இறந்து பல ஆண்டுகள் கழியும்வரை ஓனா அவர் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் தண்டிக்கப்பட்டிருப்பார் என்பதை ஓனா அறிந்திருந்தார்.

அந்தக் கோடையிலேயே போர்ட்ஸ்மவுத் தெருவில் ஒருவர் ஓனாவை அடையாளம் கண்டுகொண்டார். செனட்டர் ஜான் லாங்டனின் மகள் எலிசபெத், வாஷிங்டன் குடும்பத்தோடு பழகியவர். செய்தி பிலடெல்பியாவை எட்டியது.

இந்த இடத்தில் சட்டம் என்ன வழி வைத்திருந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்திலிருந்து தப்பியவரை மற்றொரு மாநிலம் ஒப்படைக்க வேண்டும் என்று 1787ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு கூறியது. அதைச் செயல்படுத்தும் சட்டத்தில் 1793 பிப்ரவரி 12 அன்று கையெழுத்திட்டவர் வாஷிங்டனே. அதன்படி உடைமையாளரோ அவருடைய முகவரோ தப்பியவரைப் பிடித்து, நீதிபதி அல்லது உள்ளூர் நீதித்துறை அதிகாரி முன் நிறுத்தி, உரிமையை மெய்ப்பித்து, சான்றிதழ் பெற்று அழைத்துச் செல்ல வேண்டும். தடுப்போருக்கு 500 டாலர் அபராதம். முழுக்க முழுக்க உடைமையாளருக்குச் சாதகமான சட்டம் அது. வாஷிங்டன் அந்த வழியில் போகவில்லை.

செப்டம்பர் 1 அன்று நிதித்துறைச் செயலர் ஆலிவர் வால்காட்டுக்கு அவர் எழுதினார். ஓனாவைப் பிடித்து, நேரே பிலடெல்பியாவுக்கோ, அதைவிடத் தாம் விரும்பும் அலெக்ஸாண்டிரியாவுக்கோ புறப்படும் கப்பலில் ஏற்றிவிடுவதே பாதுகாப்பானதும் செலவு குறைந்ததுமான வழியாகத் தோன்றுகிறது என்றார். வேலைக்காரியைப் போலன்றிப் பிள்ளையைப் போல வளர்க்கப்பட்ட அந்தப் பெண்ணின் நன்றிகெட்ட செயல் தண்டனையின்றிப் போகக்கூடாது என்றும் எழுதினார். யாரோ மயக்கி அழைத்துச் சென்றிருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. வால்காட் அந்தப் பொறுப்பைப் போர்ட்ஸ்மவுத் சுங்க அதிகாரி ஜோசப் விப்பிளிடம் ஒப்படைத்தார். தனிப்பட்ட குடும்பத்தின் அடிமையை மீட்க அரசின் சுங்கத்துறை ஏவப்பட்டது.

விப்பிள் வேலைக்கு ஆள் தேடுபவரைப் போல ஓனாவை அழைத்துப் பேசினார். பேசியபின் அக்டோபரில் அவர் எழுதிய அறிக்கை நேர்மையானது. யாரும் அவளை மயக்கி அழைத்து வரவில்லை, முழு விடுதலையின் மீதான தாகமே அவள் தப்பியதற்கு ஒரே காரணம் என்றார். எஜமானர் குடும்பத்தின் மீது ஓனா மதிப்பு வைத்திருப்பதாகவும், அவர்கள் இறந்தபின் தமக்கு விடுதலை உறுதி என்றால் திரும்பி வந்து பணிசெய்ய ஒப்புக்கொண்டதாகவும், ஆனால் அடிமைநிலைக்குத் திரும்பி வேறு யாருக்கேனும் விற்கப்படுவதையோ கொடுக்கப்படுவதையோ விட இறப்பதே மேல் என்று சொன்னதாகவும் தெரிவித்தார். அவரைத் திருப்பி அனுப்ப விப்பிள் ஏற்பாடு செய்த கப்பல் காற்றுக்காகக் காத்துக் கிடந்தது. அதற்குள் ஊரில் அறிமுகமானவர்கள் சொன்ன அறிவுரையால் ஓனா மனம் மாறினார். முறையான வழி வேண்டுமானால் நியூஹாம்ப்ஷயரில் உள்ள மத்திய அரசு வழக்கறிஞர் மூலம் செல்லலாம் என்பதையும் விப்பிள் சுட்டிக்காட்டினார்.

இந்த விப்பிளின் பின்னணி கவனத்துக்குரியது. அவருடைய அண்ணன் வில்லியம் விப்பிள் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அந்த அண்ணனின் அடிமையான பிரின்ஸ் விப்பிளும் மேலும் 19 பேரும் 1779 நவம்பரில், சுதந்திரத்துக்கான போர் நடந்துகொண்டிருந்தபோதே, தங்களுக்கும் விடுதலை வேண்டுமென்று நியூஹாம்ப்ஷயர் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தனர். மனு கிடப்பில் போடப்பட்டது. ஓனா அந்த ஊருக்கு வந்தபோது அந்த மாநிலத்தில் அடிமைமுறை சட்டத்தால் முற்றிலும் ஒழிந்திருக்கவில்லை, ஆயினும் நடைமுறையில் தேய்ந்துகொண்டிருந்தது. 1790 கணக்கெடுப்பில் 158ஆக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1800இல் 8ஆகக் குறைந்தது. பொதுமக்களின் கருத்து எல்லாருக்கும் விடுதலை என்பதன் பக்கமே சாய்ந்திருப்பதால் தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது கடினம் என்று விப்பிள் எழுதியதன் பொருள் இதுவே.

நவம்பர் 28 அன்று வாஷிங்டன் விப்பிளுக்கு நேரடியாகப் பதில் எழுதினார். ஓனா கேட்ட உடன்பாடு முற்றிலும் ஏற்கத் தகாதது என்றார். படிப்படியான ஒழிப்புக்கோ, இயலுமானால் முழு விடுதலைக்கோ தாம் எவ்வளவு ஆதரவாக இருந்தாலும், விசுவாசமின்மைக்குப் பரிசாக முன்னுரிமை தருவது அறிவுடைமையும் ஆகாது, நீதியும் ஆகாது என்றும், உறுதியான பற்றுடன் பணிசெய்து அவளைவிடத் தகுதி பெற்றிருக்கும் மற்ற வேலையாட்களின் மனத்தை அது கெடுத்துவிடும் என்றும் விளக்கினார். தானே திரும்பி வந்தால் மன்னிக்கப்படுவாள், இல்லாவிட்டால் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஆனால் கூட்டம் கூடிக் கலகம் விளையவோ, நல்ல குடிமக்களின் மனம் உறுத்தவோ காரணமாகும் கடுமை கூடாது.

விதவைப் பங்கு பற்றிய வாதத்தை இந்தக் கடிதத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்வேன். “அவளை விடுவிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, அவள் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்து” என்று ஒரே வரியில் வாஷிங்டன் முடித்திருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். 1791இல் செயலருக்கு எழுதியபோது அந்தக் கணக்கு அவர் நினைவில் தெளிவாக இருந்தது. 1796இல் அவர் சொன்ன காரணம் வேறு: ஒருத்திக்கு இணங்கினால் மற்றவர்களும் கேட்பார்கள் என்ற ஆளுகைக் காரணம். அச்சம் பொய்யாகவும் இல்லை. 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளில், அவருடைய தலைமைச் சமையற்காரர் ஹெர்குலிஸ் மவுண்ட் வெர்னானிலிருந்து தப்பிச் சென்றார்.

நீதிமன்ற வழியை வாஷிங்டன் தவிர்த்ததற்கான காரணமும் அந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தால் சட்டப்படி வெற்றி பெரும்பாலும் அவருக்கே கிடைத்திருக்கும். ஆனால் புதிய குடியரசின் தலைவர், ஓர் இளம்பெண் தம் உடைமை என்று ஒரு வட மாநிலத்தின் ஊர் மன்றில் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். நல்ல குடிமக்களின் மனம் உறுத்தும் என்று அவருக்கே தெரிந்த ஒன்றைத் திறந்த மன்றில் செய்ய அவர் துணியவில்லை.

1797 ஜனவரியில் ஓனா, ஜாக் ஸ்டெயின்ஸ் என்ற கறுப்பின மாலுமியை மணந்தார். குழந்தை பிறந்தது. 1799 ஆகஸ்டில், பதவிக்காலம் முடிந்து ஓய்விலிருந்த வாஷிங்டன், மார்த்தாவின் உறவினர் பர்வெல் பாசெட்டிடம் ஓனாவையும் குழந்தையையும் அழைத்து வரச் சொன்னார். கணவர் கடலில் இருந்த நேரம் அது. திரும்பினால் விடுதலை தருவதாகச் சொன்ன பாசெட்டுக்கு ஓனா தந்த மறுமொழி: “நான் இப்போது சுதந்திரமாக இருக்கிறேன், அப்படியே இருக்க விரும்புகிறேன்.” வலுக்கட்டாயமாகத் தூக்கிச் செல்லும் எண்ணத்தைப் பாசெட், தாம் தங்கியிருந்த லாங்டன் வீட்டில் வெளியிட்டார். ஓனாவுக்கு அங்கிருந்து எச்சரிக்கை போனது. அன்றிரவே குழந்தையுடன் கிரீன்லாந்து என்ற அருகூருக்குச் சென்று, ஜாக் என்ற கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் அவர் ஒளிந்துகொண்டார். ஓனாவை எச்சரித்த ஜான் லாங்டன், தப்பியவர்களை ஒப்படைக்கச் சொல்லும் பிரிவைக் கொண்ட அரசமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர். தோற்றுவித்த தலைமுறை என்று ஒரே பெயரில் நாம் அழைக்கும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு பிளவு ஓடியது.

நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 14 அன்று வாஷிங்டன் இறந்தார். தமக்குச் சொந்தமான அடிமைகள் மார்த்தாவின் மறைவுக்குப் பின் விடுதலை பெற வேண்டும் என்று அவர் உயில் எழுதியிருந்தார், வில்லியம் லீ என்ற ஒருவருக்கு மட்டும் உடனடி விடுதலை. மார்த்தா 1801 ஜனவரி 1 அன்றே அவர்களை விடுவித்தார். 1802இல் மார்த்தா இறந்ததும் விதவைப் பங்கு அடிமைகள் நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டனர். கணவன் ஒரு பங்கிலும் மனைவி மக்கள் வேறொரு பங்கிலுமாகக் குடும்பங்கள் சிதறின. ஓனாவின் தங்கை டெல்ஃபி எலிசபெத் லாவிடம் போனார், 1807இல் தாமஸ் லா அவரை விடுவித்தார். தப்பியோடிய ஓனாவை யாரும் விடுவிக்கவில்லை. மூன்று பிள்ளைகளைப் பெற்ற அவர், பிள்ளைகளோடு சட்டத்தின் கண்ணில் கஸ்டிஸ் வாரிசுகளின் உடைமையாகவே நீடித்தார்.

வாழ்க்கை அவருக்கு எளிதாக அமையவில்லை. கணவர் 1803இல் இறந்தார், மகள்கள் இருவரும் 1830களின் தொடக்கத்தில் அவருக்கு முன்பே இறந்தனர். முதுமையில் ஏழைகளுக்கான அரசு உதவியில் கிரீன்லாந்தில் வாழ்ந்தார். வாஷிங்டன் வீட்டில் யாரும் தமக்கு எழுத்தறிவித்ததில்லை என்றும், தப்பி வந்த பிறகே படிக்கக் கற்றதாகவும், பைபிளைத் தாமே வாசித்ததாகவும் அவர் சொன்னார். 1845 மே மாதத்தில் ‘கிரானைட் ஃப்ரீமன்’ இதழும், 1847 ஜனவரியில் அடிமை ஒழிப்பு இதழான ‘லிபரேட்டர்’ இதழும் அவர் கூறியவற்றை வெளியிட்டன. வாஷிங்டன் வீட்டில் இருந்ததைவிட இங்கே கடினமாக உழைக்க நேர்ந்ததே, விட்டு வந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டபோது அவர் சொன்னார்: “இல்லை. நான் சுதந்திரமாக இருக்கிறேன், அதன் வழியாகக் கடவுளின் பிள்ளையும் ஆகியிருக்கிறேன் என்று நம்புகிறேன்.”

1848 பிப்ரவரி 25 அன்று ஓனா ஜட்ஜ் ஸ்டெயின்ஸ் இறந்தார். அன்றைய தேதியிலும் 1793ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது, சான்றிதழ் பெற்று அவரை அழைத்துச் செல்லும் உரிமை கஸ்டிஸ் வாரிசுகளுக்கு இருந்தது.